முள் அசையாத வண்டி

எங்கள் வண்டியில் பெட்ரோல் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். டேங்க் நிரம்பி வழிந்தாலும் பாதி, காய்ந்து கிடந்தாலும் பாதி. எங்களுக்கு விற்ற பல் டாக்டர் இதை மறைக்கவில்லை. அந்த மட்டுக்கும் யோக்கியர். முள்ளைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே கிலோமீட்டர் ஓடுகிற சின்ன மீட்டரைப் பாருங்கள் என்றார். டேங்கை முழுதாக நிரப்பியதும் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் பூஜ்யமாகிவிடும். முந்நூற்றைம்பது வந்தால் பெட்ரோல் பங்குக்குப் போய்விட வேண்டும். நானூறைத் தாண்டினால் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஒன்பது வருடம் ஓடிய வண்டி, வெளுத்துப்போன சிவப்பு, குட்டியாக ஐந்து கதவு. நானும் என் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அம்மாவுக்காக. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், சென்டர் பதினெட்டு கிலோமீட்டர். வண்டி வாங்கிய ஒரே மாதத்தில் எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்றுபோனது.

ஏன் நின்றது என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. சென்டரில் அம்மாவைச் சேர்த்த அன்று, வராந்தாவில் பத்து பேர் நிற்கும்போது, அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "உனக்கென்ன, புருஷனா புள்ளையா? வேலைய விட்டுட்டு அம்மாவ நீயே பாத்துக்கலாமே." நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரே குடிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போடுபவள். அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எங்கேயாவது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். அவன் வேலை வேலை, என் வேலை பொழுதுபோக்கு. அன்று வாயை மூடினவள்தான், ஒரு வருடம் ஏழு மாதம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாதவர்கள் இரண்டு பேர் ஒரே வண்டியை வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் தெரியுமா? அவன் ஆறடி. நான் அவன் தோளுக்கு வரமாட்டேன். அவன் ஓட்டிவிட்டுப் போனால் சீட் பின்னால் போயிருக்கும், கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் வேண்டுமென்றே சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டி வைத்துவிட்டு இறங்குவேன். ஏறும்போது முட்டி இடிக்கட்டும் என்றுதான். ஒரு நாள் அவன் ஸ்பேனரை என் சீட்டுக்கு அடியில் விட்டுப் போனான், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் உருண்டு வந்து குதிகாலில் மோதியது. அதைத் தெரிந்தே செய்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

திங்களும் வெள்ளியும் அம்மாவை நான் கூட்டிப் போவேன், புதன் அவன். மற்ற நாளில் யாருக்கு வேண்டுமோ அவர்கள். வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். சாவி மின்சார மீட்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். இரண்டு தெரு தள்ளி இருப்பவன் வருவான், எடுப்பான், போவான். ஒரு தடவை அவன், ஒரு தடவை நான் என்று முறை வைத்து டேங்கை நிரப்புவோம். அந்த முள்ளைச் சரிசெய்ய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் விட வேண்டுமாம். யாருடைய இரண்டு நாள்? அவன் விடட்டும் என்று நான் இருந்தேன், நான் விடட்டும் என்று அவன் இருந்தான். முள் பாதியிலேயே நின்றது.

அந்தச் சின்ன மீட்டர்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வாய். ஓட்டி முடித்ததும் நான் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுவேன்: 'திங்கள் இரவு 212. பார்த்துக்கொள்.' அவன் பென்சிலால் கீழே கிறுக்குவான்: 'பார்த்தாச்சு.' அவன் அதிகம் சுற்றுகிறானா, நான் அதிகம் சுற்றுகிறேனா என்பதுதான் விஷயம். அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள், நான் பதினெட்டு கிலோமீட்டரும் அந்த எண்ணைப் பற்றியே புலம்பிக்கொண்டு போவேன். "நேத்து எண்பது ஓட்டியிருக்கான் பாரும்மா, லிஃப்ட் என்ன பக்கத்து நாட்டுலயா நின்னுச்சு?" அம்மா ஜன்னலைப் பார்ப்பாள். புதன்கிழமைகளில் அவனும் அவள் காதைக் கடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு தடவை அவனைக் கையும் களவுமாகப் பிடித்ததாக நினைத்தேன். நூற்றைம்பதில் விட்டிருந்த மீட்டர் மறுபடி பார்த்தால் இருபது காட்டியது. சந்தேகம் வந்து பங்குக்குப் போய் நிரப்பினேன், டேங்க் பதினோரு லிட்டர் குடித்தது. இருபது கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டரா? ஊரைச் சுற்றிவிட்டுத் தடயத்தை அழித்திருக்கிறான். 'திருட்டு ஓட்டம் வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். அடுத்த நாள் கீழே அவன் எழுதியிருந்தான்: 'அதை நான் சொல்ல வேண்டியது.' கொழுப்பைப் பார்த்தாயா என்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு ஏழு மணி நாற்காலி. அதுதான் நல்ல நாற்காலி, காலையிலேயே முடிந்து பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அது கிடைக்க நான்கு மாதம் காத்திருந்தோம். ஹெட் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், கடிகாரத்துக்கு வாக்கப்பட்டவள். ஏழு இருபது வரை பொறுப்பாள். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் தாமதக் கணக்கில் சேர்த்துவிடுவாள். மூன்று தாமதம் ஆனால் நிரந்தர நாற்காலி போய்விடும். அப்புறம் தினமும் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும், யாராவது வராமல் போனால் அந்த இடம். எங்களுக்கு இரண்டு ஆகிவிட்டது. ஒன்று அவன் டயரில் காற்று பார்க்காததால். இன்னொன்று அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதால். இரண்டும் அவனால்தான், நான் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

திங்கள் நான் விட்டபோது மீட்டர் முந்நூற்று இரண்டு. நிரப்புகிற முறை என்னுடையது. உண்மையைச் சொல்கிறேன், பங்கைத் தாண்டித்தான் வந்தேன். இன்னும் ஒரு நடை தாங்கும், புதன்கிழமை அவன் போய் நிரப்பட்டுமே என்ற எண்ணம். அந்தத் தடவை மட்டும் சீட்டு எழுதி ஒட்டவில்லை. வெள்ளி காலை சாவியைப் போட்டபோது மீட்டர் அறுபத்தொன்று காட்டியது. சரி, மானம் வந்து நிரப்பிவிட்டான் என்று ஒரு சந்தோஷம், அதாவது அவனை ஏமாற்றிவிட்ட சந்தோஷம். சீட்டை இழுத்தேன், கண்ணாடியை இறக்கினேன், ஆறு இருபதுக்குக் கிளம்பினோம்.

ஆறு நாற்பதுக்கு, சுற்றுச் சாலையில், லாரி ஷெட்டுகள் இருக்கிற இடத்தில் வண்டி இரண்டு தடவை விக்கியது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், ஒன்றும் இல்லை. ஓரம்கட்டுவதற்குள் நின்றேவிட்டது. சாவியைத் திருப்பினால் உறுமுகிறது, பிடிக்கவில்லை. முள் பாதி. மீட்டர் எழுபத்திரண்டு. பானட்டைத் திறந்து பார்த்தேன், எனக்கு அதில் என்ன தெரியும், சூடு முகத்தில் அடித்ததுதான் மிச்சம். பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை இடுப்பால் ஆட்டினேன். சலசலப்பு ஒன்றும் கேட்கவில்லை.

நிரப்பாமலேயே பட்டனை அழுத்தியிருக்கிறான். வேண்டுமென்றே. அம்மா ஏறுகிற வண்டி என்று தெரிந்தே. அம்மாவின் கால் அன்றைக்கு ஏற்கனவே வீங்கியிருந்தது, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. இரண்டு டாக்ஸியைக் கைகாட்டினேன், நிற்கவில்லை. போனில் கூப்பிட்ட வண்டி இதோ வருகிறேன் என்றது, பிறகு வரமாட்டேன் என்றது. ஏழு கிலோமீட்டர் பாக்கி.

ஒரு வருடம் ஏழு மாதம் கழித்து அவன் நம்பரை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன?"

அம்மாவுக்கு ஒன்றுமில்லை, உன் யோக்கியதைதான் நடுத்தெருவில் நிற்கிறது என்றேன். இடத்தைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஏழு இரண்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிளில், முன்னால் கேனை இடுக்கிக்கொண்டு, பல்கூட விளக்காத முகம். ஒரு பேச்சும் பேசாமல் பாட்டிலை வெட்டிப் புனல் மாதிரி ஆக்கி இரண்டே நிமிடத்தில் ஊற்றி முடித்தான். அப்போதே கிளம்பியிருந்தால் ஏழு பதினெட்டுக்கு உள்ளே போயிருப்போம். இதை நான் பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அவன் கேனை மூடிக்கொண்டே கேட்டான், "நிரப்பாம எதுக்கு ஜீரோ பண்ண?"

நானா? என்னையா கேட்கிறான்? அவ்வளவுதான், ஒரு வருடம் ஏழு மாதம் தேக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. திருட்டு ஓட்டம், டயர், சாவி, ஸ்பேனர் எல்லாம் வந்தது. அவனும் சளைக்கவில்லை. நான் சீட்டை முன்னால் தள்ளி வைப்பதிலிருந்து சிவப்பு மை வரைக்கும் அடுக்கினான். லாரி ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து நின்று கேட்டார்கள். வராந்தாவில் பத்து பேர் முன்னால் அவன் என்னைச் சொன்னதையும் சொன்னேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆனால் எண்ணத் தெரியும், அறுபத்தொன்று என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும் என்று கத்தினேன்.

"வியாழக்கிழமை காலைல நான் வண்டிய எடுக்கும்போதே ஜீரோதான் இருந்துச்சு. நீதான் பெட்ரோல் அடிச்சிட்டு வச்சிருக்கேன்னு நெனச்சு எடுத்துட்டுப் போனேன்" என்றான்.

"ஜீரோவா? சரியா ஜீரோவா?"

"சரியா ஜீரோ."

என் வாய் அங்கேதான் நின்றது. பங்க் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கே நிரப்பி அங்கே அழுத்தினால் வீட்டு வாசலில் இரண்டு காட்ட வேண்டும். சரியாக பூஜ்யம் காட்டினால் வாசலிலேயே அழுத்தியிருக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் அவன் அம்மாவை இறக்கியதற்கும் வியாழன் காலைக்கும் நடுவே வண்டி நகரவேயில்லை. நான் புதன்கிழமை வண்டிப் பக்கமே போகவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல அவனும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். புதன்கிழமை வாசலில் நிறுத்தியதும் அவன் கதவைத் திறந்து அம்மாவின் வாக்கரை எடுத்துவர உள்ளே போயிருக்கிறான். எப்போதும் அப்படித்தான், நானும் அப்படித்தான் போவேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

அம்மா முன் சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பாதி இறங்கியிருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறது.

"நான்தான் அழுத்துனேன்" என்றாள்.

சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மீட்டரைக் காட்டினாள்.

"அந்த நம்பர வச்சுத்தான நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க. அது கூடக் கூடத்தான் உங்க சத்தமும் கூடுது. முந்நூத்தி சொச்சம் போயிருந்துச்சு, எனக்கு பயமா இருந்துச்சு. ஜீரோ ஆயிட்டா பேச ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். முன்னாடியும் ரெண்டு தடவ அழுத்தியிருக்கேன்."

அது எதற்காக இருக்கிற மீட்டர் என்று அம்மாவுக்குத் தெரியாது. சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த எண் எங்களுக்குச் சண்டை போட இருக்கிறது என்றுதான் அவள் பார்த்தாள். பார்த்ததைத்தானே நம்புவாள்? சிவப்பு மையில் நான் எழுதிய திருட்டு ஓட்டத்தை அவள் இரண்டு தடவை படித்தது ஞாபகம் வந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மணி ஏழு பத்து. ஆறு நிமிடம் சண்டை போட்டிருக்கிறோம். அவன் மோட்டார் சைக்கிளை டீக்கடை ஓரத்தில் பூட்டிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான், முட்டி இடித்தது, சத்தமில்லாமல் சீட்டைப் பின்னால் தள்ளினான். நான் பின்னால் ஏறினேன். அந்தக் குட்டி வண்டி அவ்வளவு வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது, இரண்டாவது கியரில் கதறியது. சென்டர் வாசலில் நிறுத்தி, சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியபோது சுவர்க் கடிகாரம் ஏழு இருபத்து நான்கு.

ஹெட் நர்ஸ் எங்களைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தாள். யாரால் தாமதம், பேஷண்ட் லேட்டாக எழுந்தார்களா என்று கேட்டாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அம்மாவின் தோளில் கை வைத்தான்.

"என்னால" என்றோம். நானும் அவனும், ஒரே சமயத்தில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேராலயுமா?"

"ஆமா" என்றேன். "பெட்ரோல் போட வேண்டிய முறை என்னோடது. போடல."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். நான் கேக்கல" என்றான் அவன்.

காரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று மூன்றுதான் என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போர்டில் ஏழு மணிக்கு நேராக அம்மா பெயரை அழித்துவிட்டு, காத்திருப்பவர்கள் வரிசையில் கடைசியில் எழுதினாள். அம்மாவின் நாற்காலியில் வேறொருவர் ஏற்கனவே கையை நீட்டிப் படுத்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. நான்கு மாதம் காத்திருந்து வாங்கியது நான்கு நிமிடத்தில் போனது.

மதியம் இரண்டு வரைக்கும் பெஞ்சு. அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, சாய்ந்தும் உட்கார முடியவில்லை, நேராகவும் முடியவில்லை. அவள் கால்களை நான் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அவன் நடுவே போய் வண்டிக்கு டேங்கை நிரப்பிவிட்டு வந்தான். நிரப்பினேன் என்றான், அழுத்தினேன் என்றான். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இனிமே தினம் காத்திருக்கணும்ல, இந்த வாரம் நான் லீவு போடுறேன். நீ வேலைக்குப் போ" என்றான். அந்த வராந்தா வார்த்தைக்கு அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவும் இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மணிக்கு மேல் ஒருவர் வரவில்லை, அந்த இடம் அம்மாவுக்குக் கிடைத்தது. நான்கு மணி நேரம் தர முடியாது, மூன்றுதான் என்றார்கள். முடிந்து வெளியே வந்தபோது ஐந்தரை. அம்மா பின் சீட்டில் தலைக்கு என் பையை வைத்துப் படுத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அவன் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்தேன். டேஷ்போர்டில் என் பழைய சீட்டுகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றாக உரித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். பசை விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு சீட்டு பாதியில் கிழிந்தது.

எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சின்னவனே, அந்த நம்பர் இப்போ எவ்வளவு காட்டுது?"

நான் மீட்டரைப் பார்த்தேன். பத்தொன்பது. அவனும் பார்த்தான்.

"ஜீரோம்மா" என்றான்.

ஒரு வருடம் ஏழு மாதமாக அவன் எண்ணில் எங்கே பொய் சொல்கிறான் என்று பிடிக்கக் காத்திருந்தவள் நான். என் கண் முன்னால், பச்சையாக ஒரு பொய்.

"உண்மையாவா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். "ஜீரோதான்."